இசக்கியம்மாள் பேசிய பதினோரு நிமிடம்

"இதுக்குக் கை தெரியுமா?" என்று தன்ஷிகா ஒரு தடவை கேட்டாள்.

அவளுக்கு ஏழு வயது. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. கேள்வியையும் கையால்தான் கேட்டாள். தாபித்தாளின் கழுத்துக்குக் கீழே, சேலை மடிப்பில் குத்தியிருந்த பட்டனைத்தான் சுட்டினாள். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். அதில் ஒரு பச்சை விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது. இதுக்குக் காது மட்டும்தான் உண்டு" என்று தாபித்தாளும் கையாலேயே சொன்னாள்.

"அப்போ நாங்க பேசுறது?"

"அது இதுக்குத் தெரியவே தெரியாது."

பிள்ளை கொஞ்ச நேரம் பட்டனைப் பார்த்தாள். பிறகு அதை ஒரு விரலால் தடவிக்கொடுத்தாள். காலொடிந்த நாய்க்குட்டியைத் தடவுவதுபோல இருந்தது. "பாவம்" என்று காட்டிவிட்டு விளையாட ஓடிப்போனாள்.

தருவைமுனையில் இருக்கும் நற்செவி இல்லத்தில் அப்போது நாற்பத்து மூன்று பிள்ளைகள். தாபித்தாள் அங்கே கண்காணிப்பாளர். அவளுடைய அப்பாவும் அம்மாவும் காது கேளாதவர்கள். மளிகைக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்காகப் பேசத் தொடங்கியபோது அவளுக்கு நாலு வயது. நாற்பத்தொன்பது வயதாகியும் அந்த வேலை ஓயவில்லை. காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பேர் வைப்பார்கள். தாபித்தாளுக்கு அவர்கள் வைத்த பேர், தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைப்பது.

பட்டன் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அரசு மானியம் வாங்கும் தொண்டு நிறுவனங்கள் அரசியல் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சட்டத்தின் பேர் நீளம். கருவியின் பேர் நடுநிலைமானி. எல்லாரும் பட்டன் என்றே சொன்னார்கள். சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் விழித்திருக்கும் நேரமெல்லாம் அதை அணிய வேண்டும். வருடத்துக்கு நூறு புள்ளி. பேச்சில் அரசியல் கலந்தால் விளக்கு மஞ்சளாகிப் புள்ளி குறையும். சிவப்பானால் நிறையக் குறையும். புள்ளி தீர்ந்தால் மூன்று வருடத்துக்கு மானியம் கிடையாது.

முதல்முறை ஆய்வுக்கு வந்தவன் இன்பராஜ். முப்பது வயது இருக்கும். மாவட்ட மானியப் பிரிவின் அலுவலர். பத்து மணிக்கு வர வேண்டியவன் ஒரு மணிக்கு வந்தான். முழங்கால்வரை உப்பளத்துச் சேறு.

"மன்னிக்கணும் மேடம். உப்பளத்து ரோட்டுல ஸ்கூட்டர் சார்ஜ் இறங்கி நின்னுபோச்சு. மனுஷ நடமாட்டமே இல்ல. அப்புறம் ஒரு ஆள் வந்தாரு. மூணு கிலோமீட்டர் அந்த வெயில்ல தள்ளிக்கிட்டு வந்தாரு. அவர் குடிக்க வெச்சிருந்த தண்ணியையும் எனக்குக் குடுத்துட்டாரு. நூறு ரூபா நீட்டினேன், சிரிச்சுக்கிட்டே என் சட்டைப் பையிலேயே திருப்பிச் சொருகிட்டுப் போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசலை. உங்க இல்லத்துல படிச்ச ஆளாத்தான் இருக்கணும்."

"பேரு கேட்டீங்களா சார்?"

"எப்படிக் கேக்க? ஒரு காதுல மட்டும் கடுக்கன் போட்டிருந்தாரு." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டான். "மேடம், நன்றின்னு கையால எப்படிச் சொல்லணும்? அடுத்த தடவை பாத்தா சொல்லிடலாம்னு."

தாபித்தாள் காட்டினாள். விரல்களைச் சேர்த்துத் தாடையில் வைத்து, அப்படியே முன்னால் இறக்க வேண்டும். இன்பராஜ் இரண்டு தடவை செய்து பார்த்தான். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சேறு காய்ந்த அவன் முழங்காலைப் பார்த்து, தங்கள் முழங்காலைத் தேய்த்துக் காட்டினார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அந்த இல்லத்தில் அதுதான் பேர்.

பட்டனைப் பற்றி அன்று அவன் சொன்னது நியாயமாகவே இருந்தது. "அநாதைப் பிள்ளைங்க பேர்ல மானியம் வாங்கி, அந்த வேன்லயே கொடி கட்டி ஓட்டுக் கேட்டவங்க இருக்காங்க மேடம். வரி கட்டுறவங்கள்ல எல்லாக் கட்சிக்காரனும் உண்டு. அவன் காசுல அவனையே திட்டலாமா? உங்களை யாரும் பேச வேண்டாம்னு சொல்லலை. எங்க காசு உங்க வாயில பேசக் கூடாது. அவ்வளவுதான்."

தாபித்தாள் தலையாட்டினாள். அவள் யாருக்கும் ஓட்டுக் கேட்டதில்லை. இதில் தனக்கு என்ன சங்கடம் என்றுதான் நினைத்தாள்.

சங்கடம் சமையற்கட்டிலிருந்து தொடங்கியது. சமையல்காரி லூர்து குழாயைத் திறந்து, "நாலு நாளாக் குழாயில சொட்டுத் தண்ணி வரல" என்றதும் விளக்கு மஞ்சளானது. குழாய் பேரூராட்சியுடையது. "குடத்துல தண்ணி இல்ல" என்றால் பச்சை. லூர்து விடவில்லை. "டீச்சரம்மா, சோறு குழைஞ்சிட்டுன்னு சொல்லலாமா, கூடாதா? ரேசன் அரிசில்லா" என்று கேட்டாள். அதற்கும் ஒரு புள்ளி போனது. செயலாளர் பாக்கியநாதன் வந்து சத்தம் போட்டார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "லூர்து, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு. சோறு குழைஞ்சா குழைஞ்சிட்டுப் போவுது. கஞ்சின்னு சொல்லிக் குடு" என்றார்.

காலை ஜெபத்திலும் பிரச்சினை வந்தது. அம்பது வருடமாக அந்த இல்லத்தில் ஆளுகிறவர்களுக்காகவும் ஒரு வரி ஜெபிப்பது வழக்கம். "எங்களை ஆளுகிறவர்களுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று தாபித்தாள் சொன்னபோது விளக்கு மஞ்சளாகி இரண்டு புள்ளி போயிற்று. அவள் இன்பராஜுக்குப் போன் செய்து கேட்டாள்.

"நல்லா இருக்கட்டும்னு ஜெபம் பண்ணுனா பச்சைதான் மேடம். புத்தி கொடும்னா, இப்ப இல்லன்னு ஆயிருதுல்ல?"

"சார், எனக்கும் புத்தி கொடும்னுதான் தினமும் கேக்கேன்."

"அதுக்குப் புள்ளி போகாது மேடம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனை வைத்தாள். மறுநாளிலிருந்து ஜெபத்தில் அந்த வரி இல்லை. விட்டுவிட்ட வரியை நினைத்துத்தான் அவளுக்கு மனசு உறுத்தியது. யாருக்காகவோ வாசலில் வைக்கிற ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டதுபோல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சுடலைமுத்து செத்துப்போனான்.

துறைமுகத்துக்குப் போகும் சரக்குப் பாதை உப்பளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அதில் ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடும். ஆட்கள் கடக்கும் நாலு கடவைகளிலும் முன்பு ஒரு கம்பமும், அதன் உச்சியில் சுற்றும் சிவப்பு விளக்கும் இருந்தன. உப்புக் காற்றில் விளக்குகள் துருப்பிடிக்கின்றன என்று பாதை வாரியம் முதலில் ஒரு கடவையில் விளக்கைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை வைத்தது. வண்டி வரும்போது ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் இனிமையாக, "விலகி நில்லுங்கள்" என்று சொல்லும்.

சுடலைமுத்து நற்செவி இல்லத்தில் படித்தவன். அவன் மனைவி இசக்கியம்மாளும் அங்கேதான் படித்தாள். இருவருக்கும் காது கேட்காது. தன்ஷிகா அவர்களுடைய ஒரே பிள்ளை. ஒருநாள் விடியற்காலம், உப்பு வாரும் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தக் கடவையைத் தாண்டும்போது வண்டி அடித்தது. வாரியத்தின் அறிக்கை இரண்டு வரிதான். 'இறந்தவர் மூன்று முறை எச்சரிக்கப்பட்டார். எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை.' ஆகவே இழப்பீடு இல்லை.

அடுத்து மூன்று கடவைகளில் விளக்கைக் கழற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. அதில் ஒன்று நற்செவி இல்லத்துக்கு எதிரே இருப்பது. பிள்ளைகள் தினமும் அதைத் தாண்டித்தான் கடற்கரை மைதானத்துக்குப் போவார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் இரண்டு அமர்வாக நடக்கும் என்றார்கள். இசக்கியம்மாள் மனுக் கொடுத்தாள்.

முதல் அமர்வில் தாபித்தாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். இல்லத்துக்கு மிச்சம் இருந்தது நாற்பத்தொரு புள்ளி. அரசு முடிவுக்கு எதிராகப் பொதுக்கூட்டத்தில் பேசினால் ஒரே அடியாக அறுபது போகும். மாநிலத்தில் கைமொழி தெரிந்து குரல் கொடுக்கிறவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு மானிய நிறுவனத்தில்தான் வேலை பார்த்தார்கள். எல்லார் கழுத்திலும் பட்டன் இருந்தது. அதனால் கூட்டத்தார் ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வைத்திருந்தார்கள். அது பாடப்புத்தகக் கைமொழி படித்தது. உப்பளத்துக் கை வேறு. இசக்கியம்மாள் கையெடுத்ததும் கருவி, "உப்பு. உப்பு. வணக்கம். சக்கரம்" என்றது. நாலு பேர் சிரித்தார்கள். தலைவராக இருந்த பெண் அதிகாரி அதை நிறுத்தச் சொன்னார்.

இசக்கியம்மாள் நிறுத்தவில்லை. பதினோரு நிமிடம் பேசினாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் மூன்று தடவை தாபித்தாளைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை இரண்டு விரலைத் தொண்டைக்குழியில் வைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தாபித்தாள் மடியில் கிடந்த தன் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று தட்டுகள் அவள் மனசில் வரிசையாக இருந்தன.

இரண்டு நாள் கழித்து இசக்கியம்மாள் கூட்டக் குறிப்பை எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு வந்தாள். கோபமாக வரவில்லை. எப்போதும்போல ஒரு பை கல்லுப்பு கொண்டுவந்து லூர்திடம் கொடுத்தாள். பிறகு தாளை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

தாபித்தாள் படித்தாள். 'மனுதாரர் ஆஜர். எதுவும் கூறவில்லை.' அதைக் கையால் சொல்ல வேண்டியிருந்தது.

இசக்கியம்மாள் நம்பாமல் கேட்டாள். "பதினோரு நிமிசமும்?"

மறுநாள் தாபித்தாள் பஸ் ஏறி இன்பராஜின் அலுவலகத்துக்குப் போனாள். அவள் யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கும் உயர்த்தவில்லை, ஆனால் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், குரல் கொடுக்கிறவங்களுக்கு விலக்கு உண்டா, இல்லையா?"

"கேட்டிருக்கோம் மேடம். பரிசீலனையில இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஒன்றரை வருஷமா."

"நான் ராஜினாமா பண்ணிட்டுப் பேசுனா?"

"நூத்தி எண்பது நாள் உங்க குரல் இல்லத்துக் கணக்குலயேதான் நிக்கும். எல்லாரும் ராஜினாமா குடுத்துட்டுப் பேசிட்டு மறுநாள் சேந்துட்டாங்கன்னு அப்படி வெச்சாங்க."

"சார், இசக்கிக்கும் சுடலைமுத்துவுக்கும் கல்யாணம் ஆனப்போ பதிவாளர் ஆபீஸுக்கு நான்தான் போனேன். 'சம்மதமா'ன்னு கேட்டாரு. 'சம்மதம்'னு ரெண்டு தடவை சொன்னது என் குரலுதான். அன்னைக்கு நானா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?"

இன்பராஜ் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "எனக்குப் புரியுது மேடம். மெஷினுக்குப் புரியாது. தொண்டை யாருடையதோ பேச்சு அவங்களுது. அதுக்கு அவ்வளவுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"புரியாத ஒண்ண எதுக்கு சார் நம்ம நடுவுல உக்கார வெச்சிருக்கீங்க?"

அவன் மேஜையிலும் ஒரு பட்டன் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். "தண்ணி குடிக்கீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டான்.

பாக்கியநாதன் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். "தாபித்தா, அந்தப் பிள்ளை நியாயம் எனக்குத் தெரியாதா? அவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுத்ததே நான்தான். ஆனா நீ வாயத் திறந்தா நாளைக்கே உலை வைக்க முடியாது. நாப்பத்து மூணு பிள்ளைகளையும் எங்க கொண்டு விட? வீட்டுக்கு அனுப்புனா ஆட்டுக்குப் பின்னால விட்டுருவாவ. ஒருத்திக்காக நாப்பத்து மூணு பேரு சோத்துல கை வைக்காத."

"விளக்கு போச்சுன்னா அந்த நாப்பத்து மூணு பேருதான் ஐயா ரோட்டைத் தாண்டணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் அமர்வு நடக்கிற அன்று காலை ஜெபத்தில் தாபித்தாள் வாயைத் திறக்கவில்லை. முழு ஜெபத்தையும் கையால் செய்தாள். விட்டுப்போன வரி வந்தபோது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், ஆளுகிறவர்களுக்கு நல்ல புத்தி கொடும் என்று கேட்டாள். நாற்பத்து மூன்று பிள்ளைகளின் கைகளும் நெற்றிக்குப் போயின. பட்டன் பச்சையாகவே இருந்தது. தன்ஷிகா ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்து, 'பாவம்' என்று காட்டினாள்.

கூட்ட மண்டபத்தில் இன்பராஜும் கடைசி வரிசையில் இருந்தான். மானிய நிறுவனங்களின் ஆட்கள் வந்தால் அவனும் வர வேண்டும் என்பது விதி. இசக்கியம்மாள் எழுந்து முன்னால் போனாள். கையில் கணவனின் படம் வைத்திருந்தாள். கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம். பேசுவதற்குக் கை வேண்டும் என்பதால் அதைத் தலைவரின் மேஜையில், கூட்டத்தைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள். சுடலைமுத்து அதில் சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு காதில் மட்டும் கடுக்கன். கடைசி வரிசையில் இன்பராஜ் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்தவர் மறைக்கிறது என்றதும் உட்கார்ந்தான்.

இசக்கியம்மாள் இரண்டு விரலைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் தாபித்தாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

தாபித்தாளின் வாயிலிருந்து வந்தது அவளுடைய படித்த தமிழ் அல்ல. அது உப்பளத்துப் பேச்சு.

"எம் பேரு இசக்கியம்மா. எம் மாப்ளைக்கு மூணு தடவ சொன்னோம்னு எழுதியிருக்கிய. யாருட்ட சொன்னிய? பதினாலு வருசமா அந்த வழியாத்தான் போனாவ, வந்தாவ. அந்தச் செவப்பு வெளக்கு அவ்வோகூடப் பேசும். வெளக்கு சுத்துனா நிப்பாவ, நின்னா போவாவ. ஒருநாள் தப்புனது கெடையாது. நீங்க கொண்டாந்து வச்ச பொம்பளக் கொரலு ஒருநாளும் அவ்வோகூடப் பேசல."

பட்டன் மஞ்சளானது.

தலைவர் குறுக்கிட்டார். "மேடம், நீங்க எந்த நிறுவனம்?"

தாபித்தாள் அந்தக் கேள்வியை இசக்கியம்மாளிடம் கையால் சொன்னாள். இசக்கியம்மாள் பதில் காட்டினாள். தாபித்தாளின் வாய் சொன்னது: "நான் ஒரு நிறுவனமும் இல்லம்மா. உப்பளத்துல கூலி."

"நான் உங்களைக் கேக்கறேன்."

அதையும் கையால் சொன்னாள். "என்னயத்தான கேக்கிய? அதான் சொல்லுதேன். கூலி" என்று பதில் வந்தது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

பட்டன் சிவப்பானது. பிறகு சிணுங்கத் தொடங்கியது.

"உப்புக் காத்துல வெளக்கு துருப்புடிக்கிங்கிய. நெசந்தான். எங்க கை காலப் பாருங்க, வெடிச்சிக் கெடக்கு. அதுக்காக எங்கள யாரும் களட்டி எறியலியே. வாரத்துக்கு ஒருநா நல்ல தண்ணியில தொடச்சி எண்ணெ போட்டா எரியும். ஆளு இல்லன்னா நான் வாரேன். நாலு வெளக்கயும் நானே தொடைக்கேன். எனக்குக் கூலி வேண்டாம். எம் பிள்ளை அந்த இல்லத்துல படிக்கி. அவகூடப் படிக்கிற பிள்ளையளும் அந்த ரோட்டத் தாண்டணும். அவ்வளதான் கேக்கேன்."

பதினோரு நிமிடம் ஆனது. முதல் தடவை பேசியதைவிட ஒரு சொல்கூடக் கூடுதலாகச் சொல்லவில்லை என்று இசக்கியம்மாள் பிற்பாடு சொன்னாள்.

தாபித்தாள் பஸ்ஸில் வரும்போதே நோட்டீஸ் வந்துவிட்டது. புள்ளி தீர்ந்தது. மாதக் கடைசியோடு மானியம் நிறுத்தம். மேல்முறையீடு செய்ய ஏழு நாள் உண்டு. மறுநாள் கூட்டக் குறிப்பும் வந்தது. 'மானியம் பெறும் நிறுவனத்தின் தடைசெய்யப்பட்ட கருத்து நீக்கப்பட்டது. மனுதாரர் எதுவும் கூறவில்லை.'

தாபித்தாள் அதைப் படித்துவிட்டு, சமையற்கட்டில் போய் நின்று அழுதாள். பிள்ளைகளின் சோறும் போயிற்று, இசக்கியின் பேச்சும் போயிற்று. எதற்காக எதைக் கொடுத்தோம் என்றே தெரியவில்லை. லூர்து பக்கத்தில் வந்து, "வெங்காயம் நான் உரிக்கேன், நீங்க ஏன் அழுதிய?" என்றாள். பிறகு அவளும் அழுதாள்.

பாக்கியநாதன் திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பிள்ளைகளின் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். எந்தப் பிள்ளையை முதலில் அனுப்புவது என்று பேர் எழுத உட்கார்ந்து, ஒரு பேர்கூட எழுதாமல் எழுந்துபோனார். மறுநாளும் அதே தாள்தான், அதே பேனாதான்.

மேல்முறையீட்டில் 'அது என் பேச்சு அல்ல' என்று எழுதும்படி இல்லத்தில் எல்லாரும் சொன்னார்கள். தாபித்தாள் அதற்கும் தயங்கினாள். இசக்கி சொன்ன ஒவ்வொரு சொல்லும் தன் மனசில் இருந்ததுதானே? பொய் சொல்லி வாங்கும் சோற்றைப் பிள்ளைகளுக்குப் போடலாமா? ஒருநாள் முழுக்க யோசித்து இரண்டு வரி எழுதினாள். 'தொண்டை என்னுடையது. பேச்சு இசக்கியம்மாளுடையது.' அனுப்பிவிட்டு, கடவுளிடம் விட்டுவிட்டேன் என்றாள். ஆனாலும் மணிக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்த்தாள்.

மேல்முறையீட்டைப் பார்க்கும் வேலை இன்பராஜுடையது.

ஆறாவது நாள், அலுவலகத்தில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவன் கோப்பைத் திறந்தான். பதிவைக் காதில் மாட்டிக் கேட்டான். பதினோரு நிமிடமும் கேட்டான். இரண்டு வருடமாகத் தாபித்தாளின் பேச்சை அவனுக்குத் தெரியும். 'மாப்ளை' என்றோ 'அவ்வோ' என்றோ அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பதிவில் பேசியது வேறு ஒருத்தி.

திரையில் ஒரு வரி எழுதியிருந்தது. 'குரல்: தாபித்தாள், கண்காணிப்பாளர், நற்செவி இல்லம். பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.' அதற்குக் கீழே 'மனிதத் திருத்தம்' என்று ஒரு கட்டம். சட்டம் போட்டவர்களில் யாரோ ஒரு நல்லவர் அதை வைத்திருக்க வேண்டும். இரண்டு வருடத்தில் அந்த மாவட்டத்தில் யாரும் அதைத் தொட்டதில்லை. அவன் தொட்டதும் எச்சரிக்கை வந்தது.

'இத்திருத்தம் நிரந்தரமானது. இக்குரல் இதுவரை பேசியதும் இனிப் பேசுவதும் திருத்தப்பட்ட நபரின் பேரிலேயே பதியப்படும். பொறுப்பு: திருத்துபவர்.'

இன்பராஜ் அதை மூன்று தடவை படித்தான். திருத்தினால் அந்தக் கருவிக்குத் தாபித்தாள் என்று ஒரு குரலே இருக்காது. அவள் என்ன பேசினாலும் அவள் பட்டன் இனி மஞ்சளோ சிவப்போ ஆகாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவள் சொன்னால் அது இசக்கியம்மாள் சொன்னது. ஆளுகிறவர்களுக்கு அவள் புத்தி கேட்டால் அது இசக்கியம்மாள் கேட்டது. இதை அவளிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அது கூட்டுச் சதி. என்றைக்காவது தணிக்கையில் பிடித்தால் அவன் வேலை போகும். மேலே கேட்டுவிட்டுச் செய்யலாம். மேலே கேட்டால் பரிசீலனையில் இருக்கும்.

ஒலியை நிறுத்தினான். கட்டத்தில் இசக்கியம்மாள் என்று அடித்தான்.

கருவி தானாகவே தேடியது. 'இந்நபர் அரசு நிதி ஏதேனும் பெறுகிறாரா? இல்லை. விதவை உதவி: இல்லை. விபத்து இழப்பீடு: மறுக்கப்பட்டது. நடுநிலை நிபந்தனை பொருந்தாது.'

அரசிடம் ஒன்றும் வாங்காதவள். அதனால் என்ன வேண்டுமானாலும் பேசலாம். இன்பராஜ் பெருவிரலை வைத்து அழுத்தினான்.

வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. நற்செவி இல்லத்துக்கு, லூர்து தொலைத்ததைத் தவிர மற்றப் புள்ளிகள் எல்லாம் திரும்பி வந்தன. மானிய நிறுத்தம் ரத்தானது. கடைசியாகக் கூட்டக் குறிப்பு மாறியது. 'மனுதாரர் இசக்கியம்மாள் பதினோரு நிமிடம் பேசினார். வாரியம் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்.'

அவன் கோப்பை மூடப் போனான். அதற்கு முன் ஒரு பக்கம் பின்னால் தள்ளினான். மனுவோடு இணைத்த படம் இருந்தது. கடுக்கன் போட்டவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த வெயிலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனபோதும் இந்தச் சிரிப்புத்தான்.

இன்பராஜ் வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. விரல்களைச் சேர்த்துத் தாடையில் வைத்து, முன்னால் இறக்கினான். கோணலாக வந்தது. இன்னொரு தடவை செய்தான்.

மேஜைமேல் இருந்த பட்டன் பச்சையாகவே இருந்தது.